எதிர்காற்றும் மலையேற்றமும்: டெல்டா சைக்கிள்காரருக்கு

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நாகப்பட்டினம், அதற்கப்பால் கடல். கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர்தான் இறக்கம். வாய்க்கால் தண்ணீருக்குத்தான் அந்தச் சரிவு தெரியும், மிதிக்கிற காலுக்குத் தெரியாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் 13 கிலோமீட்டரில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். அந்தப் பாலங்களில் ஏறி இறங்குவதுதான் இந்த வட்டாரத்தின் மேடு பள்ளம் எல்லாம்.

ஆகவே, வெளியூர்க்காரர்கள் டெல்டாவைச் சைக்கிளுக்குச் சுலபமான ஊர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனி கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல் திருவாரூரிலிருந்து தஞ்சாவூரை நோக்கி மிதித்துப் பார்த்தால் அந்த எண்ணம் நீடாமங்கலம் வருவதற்குள் மாறிவிடும். இங்கே ஏற வேண்டிய மலை நிலத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. அது மாதத்துக்கு மாதம் இடம் மாறும், ஒரே நாளுக்குள் வளர்ந்து தேயும். தூரத்தைப் பார்த்துப் பயணம் வகுப்பவர் இங்கே களைத்துப் போவார். காற்றைப் பார்த்து வகுப்பவர் நேரத்துக்கு வீடு வந்து சேர்வார். இந்த அத்தியாயம் அந்த வகுக்கும் முறையைப் பற்றியது. டெல்டாவில் பழகிய கால் கொல்லிமலைக்குப் போனால் எது கைகொடுக்கும், எது கைவிடும் என்பதும் இதிலேயே வரும்.

காற்று வரும் வழியிலிருந்து தொடங்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிற்கிறது. அந்த மதிலில் பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். அதற்குள் நெருக்கிப் புகும் காற்று பல்லடம், உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, கரூர், திருச்சி வழியாகக் காவிரிச் சமவெளியில் இறங்குகிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தஞ்சாவூருக்கு மேல்காற்று இப்படித்தான் வந்து சேர்கிறது. வழியில் அதைத் தடுக்கப் பெரிய மலை ஏதும் கிடையாது. மேட்டூர் திறந்து குறுவை நாற்றங்கால் போடும் பருவமும் இதுதான் என்பதால் வயலும் வெட்டவெளியாகவே கிடக்கும்.

இந்தக் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவில் தரை குளிர்ந்ததும் தரையை ஒட்டிய காற்று கனத்துத் தேங்கிவிடும். மேலே ஓடும் வேகக்காற்று அதைத் தொடாமல் போகும். வெயில் ஏறித் தரை சுட்டதும் கீழ்க்காற்று மேலெழும்பி, மேலுள்ள வேகம் கீழே இறங்கும். அதனால்தான் விடியற்காலை ஐந்தரைக்கு அசையாமல் நிற்கும் பனையோலை பத்தரைக்குப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மாலையில் வெயில் தாழ்ந்தபின் காற்றும் தணியத் தொடங்கும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இன்னொரு சிக்கல் சேரும்: பிற்பகலில் கடலிலிருந்து கிழக்குக் காற்று உள்ளே வரும். காலையில் மேல்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே விரைந்தவருக்குக் கீழ்வேளூர் தாண்டியதும் முகத்தில் கடற்காற்று மோதுவது அதனால்தான்.

இது எவ்வளவு சுமை என்பதை எண்ணில் பார்த்துவிடுவது நல்லது. ஆளும் வண்டியுமாக 85 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரணக் கறுப்புச் சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போக, கால்கள் 70 வாட் அளவுக்கு உழைத்தால் போதும். அதே 18 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடித்தால், அதே உழைப்புக்கு வண்டி 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். வேகத்தைக் குறைக்காமல் போகவேண்டும் என்று அடம்பிடித்தால் 200 வாட் வேண்டும். பழகாதவரால் அதைப் பத்து நிமிடம் தாங்குவதே கடினம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதே காரணம்: முகத்தில் படும் காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும்.

திரும்பி வருகையில் காற்று பின்னாலிருந்து தள்ளுமே, சரியாகிவிடாதா? ஆகாது. மேற்கே 20 கிலோமீட்டர் போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாவிட்டால் மொத்தம் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடியும். மேலே சொன்ன காற்றில் போவதற்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வரும்போது 29 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் 40 நிமிடம் ஆகும். கூட்டினால் இரண்டே முக்கால் மணி. காற்று பறித்துக்கொண்டதில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. பக்கக்காற்றும் அப்படித்தான். நேர் குறுக்கே வீசும் காற்றுகூட முன்னால் வரும் காற்றோடு சேர்ந்து தடையை ஏறத்தாழ நாற்பது சதவீதம் கூட்டிவிடும். "போறப்பவும் எதிர்காத்து, வர்றப்பவும் எதிர்காத்து" என்று பள்ளிப் பிள்ளைகள் புலம்புவது வெறும் அலுப்பு இல்லை. கணக்கும் அதையேதான் சொல்கிறது.

மலையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அதே ஆள், அதே உழைப்பு என்று கொண்டால், 18 கிலோமீட்டர் வேக எதிர்காற்று 2 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான ஏற்றத்துக்குச் சமம். காற்று 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் 4 சதவீத ஏற்றம், அதாவது நூறு மீட்டர் ஓடினால் நான்கு மீட்டர் ஏறும் சாலை. ஆடி மாதத்து நண்பகலில் தஞ்சை வயல்வெளிச் சாலையில் மேற்கு நோக்கிப் போகிறவர் ஒரு மலைச்சாலையைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறார். வளைவுகளும் பள்ளத்தாக்கும் இல்லாததால் பார்க்கிறவருக்கு அது புரிவதில்லை.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் உயரம் ஆயிரம் மீட்டர் அளவுக்கு வரும். 100 வாட் விடாமல் உழைக்கக்கூடியவர் அதற்கேற்ற கியர் வண்டியில் இரண்டே முக்கால் மணி நேரம்போல எடுத்துக்கொள்வார். அதே மனிதர் அதே 100 வாட் உழைப்போடு, 18 கிலோமீட்டர் வேக எதிர்காற்றில், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வந்து சேர ஏழு மணி நேரம் ஆகும். மலையில் ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். எவ்வளவு மிச்சம் என்று தெரியும். களைத்தால் ஓரமாக நிற்கலாம், ஏறிய உயரம் எங்கும் போகாது, இறங்கும்போது முழுதும் வேகமாகத் திரும்பக் கிடைக்கும். காற்றோடு போராடியதற்குச் சேமிப்பே கிடையாது. பாதி வழியில் புளியமரத்தடியில் அரை மணி உட்கார்ந்து எழுந்தால், அதற்குள் காற்று இன்னும் வலுத்திருக்கலாம்.

எடை விஷயத்திலும் இரண்டும் நேர்மாறு. சமதரையில் 20 கிலோ சுமையைக் கூட்டினால் உழைப்பு பத்தில் ஒரு பங்குதான் கூடும். மலையேற்றத்தில் அதே சுமை, ஏறும் நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிவிடும். தஞ்சாவூருக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் சைக்கிளைக் கையில் எடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்கம் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அங்கே சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, கேரியரில் தண்ணீர்க் குடம் என்று அவர்கள் ஓட்டிப் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர்களுடைய துணிவுதான் அதில் முதன்மையானது. அதோடு, மலையில்லாத அந்த மண்ணும் கனமான வண்டிக்கும் சுமைக்கும் இடம் கொடுத்தது.

எனவே டெல்டாவில் ஓட்டுபவர் லேசான சைக்கிளுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. இங்கே பார்க்க வேண்டியது காற்றில் படும் உடம்பின் அகலம். ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை தாழ்த்தி, முழங்கையை மடித்து, முதுகைச் சாய்த்தால் தடை கணிசமாகக் குறையும். படபடக்கும் சட்டையை உள்ளே செருகுங்கள். துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகுவது காற்றுக்காக மட்டுமல்ல, செயினில் சிக்காமல் இருக்கவும்தான். கேரியரில் சுமை அகலமாக இருக்கக்கூடாது. இருபுறமும் தொங்கும் பெரிய பைகளைவிட ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் அடங்கும் ஒரே மூட்டை நல்லது. பக்கக்காற்றில் வண்டி தள்ளாடுவதும் குறையும். டயரில் காற்றை நிறைய அடித்துக்கொள்வதும், செயினுக்கு எண்ணெய் போடுவதும், வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயில் செய்வதும் விலை உயர்ந்த எந்த உதிரிப்பாகத்தையும் விட அதிகப் பலன் தரும்.

இதே கறுப்புச் சைக்கிள், இதே வெட்டவெளி, இதே எதிர்காற்று இன்னொரு டெல்டாவில் தேசியப் போட்டியாகவே நடக்கிறது. ரைன், மியூஸ், ஷெல்டே ஆறுகளின் கழிமுகத்தில் இருக்கும் நெதர்லாந்தில், ஜீலாந்து மாகாணத்துக் கடல்தடுப்பு அணையின் மீது 2013-ல் முதல்முறையாக எதிர்காற்றுச் சைக்கிள் போட்டி நடத்தினார்கள். தூரம் எட்டரைக் கிலோமீட்டர்தான். கியர் இல்லாத, நிமிர்ந்து உட்காரும் வண்டி எல்லாருக்கும் ஒன்றுபோல் தரப்படும். புயல்காற்று அளவுக்கு வீசும் நாளாகப் பார்த்து, சில நாள்கள் முன்புதான் தேதியை அறிவிப்பார்கள். சைக்கிளுக்கு உலகப் பெயர் வாங்கிய நாடே காற்றைத் தன் மலை என்று ஒப்புக்கொண்டு அதற்குப் பரிசு வைத்திருக்கிறது. டெல்டா மாவட்டங்களிலும் ஆடியில் இப்படியொன்று நடக்க எல்லாத் தகுதியும் உண்டு.

கூட்டாகப் போனால் காற்றைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு கஜம் பின்னால் இருப்பவருக்கு எதிர்காற்றில் பெரிய நிம்மதி கிடைக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னவர் விலகிப் பின்னால் வரட்டும். பலமில்லாதவரை முன்னால் விடக்கூடாது. ஆனால் பேருந்து, டிராக்டர், லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது. முன்னால் குழி இருப்பதே தெரியாது, ஓட்டுநர் பிரேக் போட்டால் தப்ப வழியில்லை. பேருந்து கடந்து போகும் கணத்தில் பக்கக்காற்று சட்டென்று நின்று, மறுபடி அறையும். அதற்குத் தயாராக ஹேண்டிலை இரு கையாலும் பிடித்திருக்க வேண்டும். டெல்டாச் சாலைகளில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் பள்ளம் இருக்கும் இடங்கள் உண்டு. காற்று தள்ளிச் சக்கரம் அதில் இறங்கினால் விழுவது நிச்சயம்.

இனி, எந்த மாதத்தில் எந்தத் திசை.

ஆனி முதல் ஆவணி வரை விதி எளிது: விடிவதற்கு முன் கிளம்பி மேற்கே போங்கள், காற்று எழும்பியதும் கிழக்கே திரும்புங்கள். தஞ்சாவூர்க்காரருக்குத் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை நல்ல இலக்கு. ஒரு வழிக்கு 45 கிலோமீட்டர் அளவில் வரும். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் காற்று பலம் பிடிக்கும் நேரத்தில் கல்லணையில் இருக்கலாம். திரும்பும் வழியெல்லாம் முதுகில் தள்ளு. கும்பகோணத்துக்காரர் இதேபோல் பாபநாசம், அய்யம்பேட்டைப் பக்கம் போய்த் திரும்பலாம். நெடுஞ்சாலையைவிட ஆற்றங்கரைச் சாலை மேல். விரிவாக்கத்தில் மரம் இழந்த பெரிய சாலைகளில் காற்று தங்குதடையில்லாமல் அடிக்கும். காவிரிக் கரையிலும், 1934-ல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயின் கரையிலும் மரநிழல் உள்ள இடங்களில் பாதிக் காற்றை மரமே வாங்கிக்கொள்ளும். ஆனால் கரைமேட்டில் மரமில்லாத இடம் வந்தால் கீழ்ச்சாலையைவிடக் காற்று அங்கே கூடுதல் என்பதையும் கணக்கில் வைக்கவும்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து, மழையோடு வரும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற அறிவிப்பு வந்தால் நீண்ட பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்பதை அந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. தையும் மாசியும்தான் சைக்கிளுக்குச் சிறந்த காலம்: காற்று மென்மை, வெயில் இதம். ஆனால் அது சம்பா அறுவடைக் காலம். சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், மறு பாதியில் அறுவடை இயந்திரம் வரும். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். பரப்பிய நெல்லின் மேல் ஓட்டினால் சக்கரம் வழுக்கும், உழவரின் ஒரு வருஷ உழைப்பும் மிதிபடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை. வைக்கோல் செயினில் சுற்றினால் இழுக்காமல் நின்று எடுக்கவும். மாலை மங்கும் நேரத்தில் வயல் பூச்சிகள் கூட்டமாகக் கண்ணில் அடிக்கும். நிறமில்லாத கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும்.

பங்குனி, சித்திரையில் பிற்பகல் கடற்காற்றுதான் மிதிப்பவரின் எதிராளி. தென்கிழக்குப் பகுதி இதற்குப் பேர்போனது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கி 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். கும்பகோணம் சுற்றிப் போன அந்த உப்புச் சத்தியாகிரகப் பாதை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இன்று சைக்கிளில் அந்தத் திசையில் போக விரும்புபவர் தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியே சுருக்கமாகப் போகலாம். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு, இரவைத் திருத்துறைப்பூண்டியில் கழித்து, கடைசி 35 கிலோமீட்டரை மறுநாள் விடியலுக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம். அந்தக் கடைசித் துண்டில் சதுப்பும் உப்பளமும்தான். பிற்பகலில் அங்கே மாட்டிக்கொண்டால் ஒதுங்க நிழலும் கிடைக்காது, காற்றை மறைக்க எதுவும் இருக்காது. சவுக்குத் தோப்பு எதிர்ப்படும் இடங்களில் மட்டும் மூச்சுவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் காற்று ஏமாற்றும். எதிர்காற்றில் வியர்வை அரும்பியவுடனே காய்ந்துவிடுவதால் உடம்பு நீரிழப்பது தெரியாது. உதடு காய்ந்து தலை வலிக்கும்போதுதான் உணர்வோம். பின்காற்றில் நேர்மாறு: வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் போனால் மேலில் காற்றே படாது, வெக்கை கூடிவிடும். மலையேற்றத்திலும் 7 கிலோமீட்டர் வேகத்தில் அதே வெக்கைதான். தாகத்துக்குக் காத்திராமல் கால்மணிக்கு ஒருமுறை சில மிடறு குடிக்கவும். உப்புப் போட்ட நீர்மோர் டெல்டாக் கடைகளில் கிடைக்கும் நல்ல மருந்து.

டெல்டாவின் கால் மலைக்குப் போகும்போது தொடைவலுவும் பொறுமையும் கூடவே வரும். எதிர்காற்றில் மெதுவாக, சீராக, மணிக்கணக்கில் மிதிக்கத் தெரிந்தவருக்கு மலை மிரட்சி தராது. குறையாக இருப்பவை கியரும் பிரேக்கும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள 28 அங்குலச் சைக்கிள் ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். கொல்லிமலையின் 7 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 22 சுற்றுதான் வரும். அதை மிதிப்பதற்குள் முழங்கால் கெட்டுவிடும். கடையில் பின் ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் டெல்டாக் காற்றுக்கு நல்ல துணை. மலைக்கு அதுவும் போதாது. முன்னால் 28, பின்னால் 34 பல் வரை உள்ள கியர் வண்டியை வாடகைக்கோ இரவலாகவோ எடுங்கள். அதே வேகத்தில் நிமிடத்துக்கு 67 சுற்று கிடைக்கும், மூட்டு பிழைக்கும். முதல் மலையாகத் துறையூருக்கு அருகே சோபனபுரத்திலிருந்து ஏறும் பச்சைமலையை எடுத்துக்கொள்ளலாம். கொல்லிமலை இரண்டாவது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் ஏற்காடும் ஒத்த கடினம். ஊட்டியை அதற்கப்புறம் நினைக்கலாம்.

பிரேக்கைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சமதரையில் பழகியவர் மலையில் அடிபடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். 85 கிலோ ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அதில் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும்தான் சூடாக இறங்கும். கம்பிப் பிரேக்கும் பளபளக்கும் இரும்பு ரிம்மும் உள்ள வண்டி, நனைந்தால் நிற்கவே நிற்காது. அதை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை அழுத்தாதீர்கள். முன், பின் பிரேக்குகளை மாற்றி மாற்றி விட்டுப் பிடியுங்கள். பேருந்து கொண்டை ஊசியில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை விதி. கொல்லிமலைமேல் உள்ள சோளக்காட்டில் தேநீர் குடிக்கும் சாக்கில் பிரேக் கட்டையின் தேய்மானத்தைப் பார்த்து, இரண்டு சக்கரங்களிலும் காற்றைச் சோதித்து, மாலை நான்கு மணிக்குள் இறக்கத்தைத் தொடங்கிவிடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் அன்று மேலேயே தங்கி மறுநாள் காலை இறங்குங்கள்.